'வேல்யூலெஸ்' என்று நான் வாழ்த்திய தலைமை ஆசிரியர்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'ஹெல்ப்ஃபுல்' என்பதற்கு எதிர்ச்சொல் 'ஹெல்ப்லெஸ்' என்று எழுதினாள். டீச்சர் தப்பு போட்டுவிட்டார். 'ஹோப்ஃபுல்'லுக்கு 'ஹோப்லெஸ்' சரி என்றால் இது மட்டும் எப்படித் தப்பாகும்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: டீச்சர் போட்டது சரிதான். ஆனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அவளைப்போல் இரண்டு பங்கு வயதில், கையில் பி.எட். பட்டத்தோடு நான் செய்த தப்பு இதைவிடப் பெரிது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தலைமை ஆசிரியருக்குப் பிரிவுபசார விழா. வாழ்த்து மடல் எழுதும் வேலை, ஆங்கில வாத்தியார் என்பதால் என் தலையில் விழுந்தது. 'விலைமதிப்பற்ற சேவை' என்று மனசுக்குள் தமிழில் எழுதினேன். மதிப்பு என்றால் வேல்யூ, அற்ற என்றால் லெஸ். இரண்டையும் கூட்டி 'யுவர் வேல்யூலெஸ் சர்வீசஸ்' என்று அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் உரக்க வாசித்தும் விட்டேன். ஆயுசெல்லாம் உழைத்த மனிதரைப் பார்த்து 'உங்கள் சேவை சல்லிக்காசு பெறாது' என்று சொல்லியிருக்கிறேன்! அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மறுநாள் சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தபோதுதான் ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, அது பிரைஸ்லெஸ். இல்லாட்டி இன்வேல்யுவபிள்" என்றார்.

பிரைஸ்லெஸ் என்றால் விலை போடவே முடியாத அளவு உசத்தி. வேல்யூலெஸ் என்றால் ஒன்றுக்கும் உதவாதது. பின்னொட்டு ஒன்றுதான், குணம் வேறு. இத்தனைக்கும் தமிழிலேயே 'விலைமதிப்பற்ற' புகழ்ச்சி, 'மதிப்பற்ற' வசை. தாய்மொழியில் ஒருநாளும் குழம்பாதவன் ஆங்கிலத்தில் கணக்குப் போட்டுக் கவிழ்ந்தேன்.

உங்கள் மகளின் சொல்லுக்கு வருவோம். உதவி யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஹெல்ப்ஃபுல் என்றால் உதவி செய்கிறவர். ஹெல்ப்லெஸ் என்றால் உதவிக்கு ஆளில்லாதவர், நாதியற்றவர். ரேஷன் கடையில் நிமிர்ந்து பார்க்காமல் "நாளைக்கு வா" என்கிறவர் அன்ஹெல்ப்ஃபுல். எதிரே கார்டோடு நிற்கும் பாட்டி ஹெல்ப்லெஸ். அதனால் ஹெல்ப்ஃபுல்லுக்கு எதிர் அன்ஹெல்ப்ஃபுல்தான். ஹோப், கேர் இரண்டும் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகள்: கேர்ஃபுல், கேர்லெஸ் நேர் எதிர். ஆனால் ஷேம்ஃபுல், ஷேம்லெஸ் இரண்டுமே திட்டு! முதலாவது பெரும்பாலும் செயலுக்கு, வெட்கக்கேடானது. இரண்டாவது ஆளுக்கு, வெட்கங்கெட்டவன்.

இன்னொன்று. இந்த லெஸ், ஜவுளிக்கடைத் தள்ளுபடியில் வரும் 'குறைவு' லெஸ் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'இல்லாத' என்ற பொருளுள்ள வேறொரு சொல்லிலிருந்து வந்தது. ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல் என்று அர்த்தமில்லை, அறவே கிடையாது.

கேள்வி: டேங்கர் லாரி ஓட்டுகிறேன். வண்டியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் இது தீப்பிடிக்காதது என்றுதானே அர்த்தம்?
- வாசகர், சங்ககிரி

பதில்: தயவுசெய்து தீக்குச்சி கிழித்துச் சோதித்துவிடாதீர்கள்! லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. இன்விசிபிளிலும், என் மானத்தை வாங்கிய இன்வேல்யுவபிளிலும் வருவது அதுதான்: மதிப்பிட முடியாதது. இன்னொன்று 'உள்ளே' என்பது. 'இன்ஃப்ளேம்' என்ற வினைக்குத் தீமூட்டு என்று பொருள். அதோடு 'ஏபிள்' சேர்ந்தால் எளிதில் தீப்பற்றக்கூடியது. உங்களைப் போலவே பலரும் தப்பாகப் படித்துவிடுவார்கள் என்று பயந்துதான் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தார் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'.

கேள்வி: நேர்முகத் தேர்வில் "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் அக்கவுன்ட்ஸ்" என்றேன். சிரித்துவிட்டார்கள். ஏன்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'நான் ரொம்ப சுவாரசியமான ஆள்' என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். உணர்ச்சியைக் கிளப்புவதற்கு 'இங்', அது யாருக்கு வருகிறதோ அவருக்கு 'எட்'. பாடம் போரிங், பையன் போர்ட். அக்கவுன்ட்ஸ் இன்ட்ரஸ்டிங், நீங்கள் இன்ட்ரஸ்டட்.

கேள்வி: கடைசியில் ஏ போட்டு 'ஏபிள்' எழுதுவதா, ஐ போட்டு 'இபிள்' எழுதுவதா? ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறேன்.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஒட்டைக் கழற்றிப் பாருங்கள். மிஞ்சுவது முழு ஆங்கிலச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் ஏ: வாஷபிள், டிரிங்கபிள். அரைகுறைச் சொல் மிஞ்சினால் பெரும்பாலும் ஐ: பாசிபிள், விசிபிள், டெரிபிள். 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள். ஃப்ளெக்சிபிளும் கேபபிளும் இந்த விதிக்கு அடங்காது, அவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஏ போட்ட ஒட்டு இன்றைக்கும் புதுச்சொல் பெற்றுக்கொண்டே இருக்கிறது, கிளிக்கபிள் மாதிரி. ஐ போட்டதோ லத்தீன் வீட்டிலிருந்து வந்த பழைய பாத்திரம், புதிதாக வார்ப்பது அபூர்வம்.

சில சமயம் ஒரே வேலைக்கு இரண்டும் இருக்கும். எடிபிள் என்றால் தின்னலாம், விஷமில்லை. ஈட்டபிள் என்றால் வாயில் வைக்கும்படி இருக்கிறது. போன மாதம் என் வீட்டுக்காரம்மா ஊரில் இல்லாதபோது நான் சாம்பார் வைத்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "எடிபிள்தான் தாத்தா. ஈட்டபிள் இல்லை."