ரோமானியப் பேரரசர் டிராஜனின் தங்க நாணயத்தில் இருப்பது எந்தக் கட்டடம், அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பின்பக்கத்தில் ஆறு தூண்களும் மேலே ஆறு குதிரை பூட்டிய தேரும் இருந்தால் அது கோயில் இல்லை. ரோமில் டிராஜன் கட்டி கி.பி. 112-ல் திறந்த மன்றத்தின், அதாவது பொதுச் சதுக்கத்தின், நுழைவாயில். அடியில் 'ஃபோரம் டிராயான்' என்று லத்தீனில் இருக்கும். 'பசிலிக்கா உல்பியா' என்றிருந்தால், அதே மன்றத்துக்குள் இருந்த பெருமண்டபம். முகப்புகள் குழப்பும், எழுத்தைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

தூண்களுக்கு நடுவே மாடங்களில் நிற்கும் சிலைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நகக்கண் அளவு இடத்தில் அத்தனை நுணுக்கம்! வார்ப்புப் போலியில் முதலில் மழுங்குவதும் அவைதான்; ஓரத்தில் ஒட்டுக்கோடும் தெரியலாம்.

எடை சுமார் 7.2 கிராம், விட்டம் 19-20 மி.மீ. எடை சரியென்றாலே அசல் ஆகிவிடாது, தங்கத்திலேயே அச்சடித்த போலிகளும் உண்டு. தயவுசெய்து உரைகல்லில் மட்டும் உரசாதீர்கள். அந்தக் கீறல் மதிப்பைக் கெடுத்துவிடும்.