மாத ஃபோல்டரைத் திறக்கச் சொன்னால் டாக்குமென்ட்ஸ் திறப்பது ஏன்?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். டவுன்லோட்ஸில் சேரும் பிடிஎஃப் பில்களை அந்தந்த பார்ட்டியின் மாத ஃபோல்டரில் போட, விண்டோஸில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஆட்டோஹாட்கீ மென்பொருளின் இரண்டாம் பதிப்பில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பில்களை காப்பி செய்து, ரன் கட்டளையில் எக்ஸ்ப்ளோரரோடு ஃபோல்டரின் பாதையைச் சேர்த்துத் திறந்து, கன்ட்ரோல்-வி அனுப்புகிறேன். எப்போதாவதுதான் சரியாக வருகிறது. மற்ற நேரமெல்லாம் டாக்குமென்ட்ஸ் திறந்து பில்கள் அங்கே போய் விழுகின்றன. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்தேன். உங்கள் மாத ஃபோல்டர்களின் பெயர் 2025-07, 2025-08 என்று போகிறது. ஸ்கிரிப்டில், தேதியை நாம் கேட்கும் வடிவில் எழுதித் தரும் ஃபார்மட்டைம் வரியில் மாதத்துக்கு சின்ன எம் இரண்டு போட்டிருக்கிறீர்கள். சின்ன எம் என்றால் நிமிடம், பெரிய எம்தான் மாதம். காலை 10:42-க்கு ஓட்டினால் ஸ்கிரிப்ட் தேடுவது 2025-42 என்ற ஃபோல்டரை. ஜூலையில் மணி 10:07, 11:07 என்று இருந்தால் மட்டும் தற்செயலாகப் பொருந்திவிடும். ‘எப்போதாவது சரியாக வருகிறது’ என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

இல்லாத பாதையைக் கொடுத்தால் எக்ஸ்ப்ளோரர் ‘இல்லை’ என்று சொல்லாது. பேசாமல் டாக்குமென்ட்ஸைத் திறந்து வைக்கும். அதனால் டிர்எக்ஸிஸ்ட் போட்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டிர்கிரியேட் போட்டு உருவாக்குங்கள். இன்னொன்று: உங்கள் பார்ட்டி ஒருவரின் ஃபோல்டர் பெயர் ‘தாராவி, 90 அடி ரோடு’. நடுவில் இருக்கும் அந்தக் கமாவை எக்ஸ்ப்ளோரர் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது, அங்கேயே பாதையைப் பிரித்துவிடும். முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துக் கொடுங்கள்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பில்லை நகர்த்த ஃபோல்டரைத் திறக்கவே வேண்டாம். ஃபோல்டர் விண்டோ மனிதர் பார்ப்பதற்காக இருப்பது. ஸ்கிரிப்டுக்குப் பாதை தெரிந்தால் போதும், ஃபைல்மூவ் ஒரே வரியில் வேலையை முடித்துவிடும். கன்ட்ரோல்-வி எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதில் விழும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் சாட்டைத் திறந்தீர்களென்றால் ஒரு பார்ட்டியின் பில் இன்னொருவர் கைக்குப் போய்விடலாம். கணக்கு வேலையில் இந்த ஆபத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது. ஃபைல்மூவில் மேலெழுதும் அனுமதியை மட்டும் கொடுக்காதீர்கள். அதே பெயரில் பில் ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கட்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டிக்கான விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ஐ மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி. ஆக, மாதத்தின் முதல் பத்து நாள் நீங்கள் தேடுவது போன மாத ஃபோல்டரையாகத்தான் இருக்கும். தேதியைக் கூட்டிக் கழிக்கும் டேட்ஆட் கட்டளைக்கு நாள் தெரியும், மாதக் கணக்கு தெரியாது. 30 நாளைக் கழித்தால் சில தேதிகளில் உதைக்கும். இப்போதைய தேதி, நேரத்தைக் காட்டும் ஏ_நௌ தரும் எண்ணில் முதல் ஆறு இலக்கம் ஆண்டும் மாதமும். அதோடு 01 சேர்த்தால் இந்த மாதம் ஒன்றாம் தேதி. அதிலிருந்து ஒரு நாளைக் கழியுங்கள், எந்த மாதத்திலும் சரியாகப் போன மாதத்தில் போய் நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் கண்ணால் சரிபார்க்க ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொல்வது நல்ல பழக்கம். அதற்கு ரன் போதும். ரன்வெயிட் போட்டு காத்திருக்க முடியாது: புதிதாக ஓடும் எக்ஸ்ப்ளோரர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ப்ளோரரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். காத்திருக்க வேண்டுமானால் ஃபோல்டர் பெயரைக் கொடுத்து வின்வெயிட் போடுங்கள். அதே பெயரில் விண்டோ ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று வின்எக்ஸிஸ்ட்டால் பார்த்து, இருந்தால் வின்ஆக்டிவேட் செய்யுங்கள். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் டாஸ்க்பார் நிறைய ஃபோல்டர்தான் இருக்கும்.

ஃபோல்டர்கள் ஆபீஸ் சர்வரில், இசட் டிரைவாக இணைக்கப்பட்டிருந்தால் ஸ்கிரிப்டை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டாதீர்கள். நீங்கள் சாதாரணமாக லாகின் செய்து இணைத்த டிரைவ் எழுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் புரோகிராமுக்குப் பெரும்பாலும் தெரியாது. அப்படித்தான் ஓட்டியாக வேண்டுமென்றால் எழுத்துக்குப் பதில், இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.