ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சு, இன்னொன்று எதற்கு?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகனுக்கு இரண்டரை வயது. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டோம். அப்புறம் கணவரின் வேலைக்காக பெங்களூரு போனதில் ஒன்றரை வயது ஊசி விட்டுப்போச்சு. இப்போது ஊருக்கு வந்துவிட்டோம். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு நேற்று மணல்வாரி (தட்டம்மை) போட்டிருக்கிறது. தெருவில் அம்மை இருக்கும்போது ஊசி குத்தக்கூடாது, முன்னே போட்டதே போதும் என்கிறார் மாமியார். ஏழு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

மகனுக்கு உடனே போடுங்கள். தடுப்பூசி போடும் புதன்கிழமை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், எதிர்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். விட்டுப்போன எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசியை ஐந்து வயது வரை அரசே இலவசமாகப் போடுகிறது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட ஒன்றைப் போட்டால் போதும். லேசான சளி, இருமல் இருந்தாலும் போடலாம்.

ஒரு ஊசி ஏன் போதாது? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் சில மாதங்கள் தங்கியிருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால் மருந்து வேலை செய்ய விடாது. பணக்கார நாடுகளில் அது முழுக்கக் கரையட்டும் என்று ஒரு வயது வரை காத்திருக்கிறார்கள். அங்கே நோய் குறைவு, காத்திருக்க முடியும். நம்மைப் போன்ற நாடுகளில் தட்டம்மை ஒரு வயதுக்கு முன்பே பிடித்துக்கொள்கிறது, சின்னக் குழந்தைகளைத்தான் அதிகம் கொல்கிறது. அதனால்தான் ஒன்பது மாதம். அந்த வயதில் போட்டால் நூறில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கும். மீதி 15 பேர் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது, உங்கள் மகனும் அதில் ஒருவனாக இருக்கலாம். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசி அவர்களுக்காகத்தான். இரண்டும் போட்டால் நூறில் 97 பேர் தப்பித்துவிடுகிறார்கள்.

அந்த 15 பேரைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி மிஞ்சுகிறவர்கள் ஊரில் சேர்ந்துகொண்டே போவார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். நூறில் 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் இது அடங்கும்.

உங்கள் மாமியார் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்கிற பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடுகிறது. வேப்பிலை கட்டும்போது பிள்ளைகள் சேர்ந்து விளையாடி முடித்திருப்பார்கள். கிருமி தொற்றிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரம் தாண்டியிருந்தாலும் போடுங்கள், இந்த முறை தொற்றாமல் இருந்தால் அடுத்த முறைக்கு ஆகும். ஊசி போட்டு ஏழிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

செவிலியர் சின்னக் குப்பியில் இருக்கும் உலர்ந்த தூளில் திரவத்தைக் கலந்து, திறந்த நேரத்தை மேலே எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். கலந்த மருந்தை நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு மருந்து இருப்பதால், ஒருவருக்காகத் திறக்கத் தயங்குவது உண்டு. தயங்கினால் வலியுறுத்திக் கேளுங்கள். மிஞ்சும் மருந்து வீணாவதைவிட, ஒரு குழந்தை ஊசி இல்லாமல் திரும்புவதுதான் பெரிய நஷ்டம்.

எதிர்வீட்டுக் குழந்தையைப் பற்றி கிராம சுகாதார செவிலியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சலோடு தடிப்பு என்றால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ஊசி விட்டுப்போன மற்ற பிள்ளைகளையும் தேடிப் போடுவார்கள். நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இதில் பழைய பெருமை ஒன்று உண்டு. இங்கே டாக்டர்கள் நோயைப் பார்த்ததும் அஞ்சலட்டையில் எழுதிப் போடும் கண்காணிப்பு முறையை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழு நடத்தியது. வளரும் நாடுகளுக்கு அதை ஒரு மாதிரியாக முன்வைத்தார்கள்.

எதிர்வீட்டாரிடம் இதையும் சொல்லுங்கள். பத்தியம் என்று குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். தாய்ப்பால், கஞ்சி, பருப்புச் சாதம் எல்லாம் கொடுக்கலாம். டாக்டரிடம் காட்டி, வயதுக்கேற்ற அளவில் வைட்டமின் ஏ சொட்டு மருந்தை அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுக்க வேண்டும். உயிரையும் கண்பார்வையையும் காப்பது அது. மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எதுவும் குடிக்காமல் துவண்டாலோ, கண் மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு வழக்கப்படி ஒன்பது மாதம் முடிய வேண்டும். ஆனால் நோய் பரவும் இடங்களில் ஆறு மாதத்திலேயே ஒரு கூடுதல் ஊசி போட சுகாதாரத் துறை முடிவெடுப்பதுண்டு. மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போதே இதையும் டாக்டரிடம் கேளுங்கள். போட்டால் தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். அந்த ஊசி கணக்கில் சேராது. குறைந்தது நாலு வாரம் இடைவெளி விட்டு ஒன்பதாம் மாத ஊசியும், பிறகு ஒன்றரை வயது ஊசியும் போட்டே ஆக வேண்டும். மறுபடி பெங்களூரு போனால் அட்டையைப் பையில் வையுங்கள், அங்குள்ள அரசு மையத்திலும் போட்டுக்கொள்ளலாம்.