பிசிக்ஸ்ல 94, அதனால பிசிக்ஸா?

கேள்வி: ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சு அக்கா. மேத்ஸ் 88, பிசிக்ஸ் 94, கெமிஸ்ட்ரி 78. ஆறாவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்தான். பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சு இஸ்ரோ போகணும்னு ஆசை. அப்பா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், அதான் இ.சி.இ. எடுன்றார், மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். நான் என்ன பண்றது?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: முதல்ல உன் இன்ஜினியரிங் கட்-ஆஃபைப் போட்டுருவோம்மா. மேத்ஸ் 88 அப்படியே, பிசிக்ஸ்ல பாதி 47, கெமிஸ்ட்ரில பாதி 39, ஆக 200க்கு 174. பாத்தியா, உன்னோட 94ஐ அங்க பாதியாத்தான் எடுத்துக்குறாங்க, மேத்ஸ்தான் முழுசா. காலேஜ் போனாலும் கதை அதேதான், பி.எஸ்சி. பிசிக்ஸ்ங்கிறது முக்காவாசி மேத்ஸ்.

அதனால ஒண்ணு கேக்குறேன், நிஜத்தைச் சொல்லு. உனக்குப் பிடிச்சது பிசிக்ஸா, இல்ல புக் பேக் கேள்வியெல்லாம் உருப்போட்டு வந்த அந்த 94ஆ? நானும் பி.எஸ்சி. பிசிக்ஸ்தான். லேப்ல நியூட்டன் வளையம்னு வெளிச்சத்துல தெரியுற வளையங்களை மைக்ராஸ்கோப்ல எண்ணி எண்ணி கண்ணு பூத்துப்போகும், பதினெட்டாவது வளையத்துல எவளாவது மேஜையை இடிச்சிட்டா மறுபடி முதல்லேர்ந்து, அப்பவும் எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. பக்கத்துல நின்ன பொண்ணுக்குப் பிடிக்கல, இத்தனைக்கும் அவ என்னைவிட மார்க் அதிகம்.

இப்போ இஸ்ரோ. அங்க சயின்டிஸ்ட்னு பேர் போட்டு ஆள் எடுக்குறதெல்லாம் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியர்களைத்தான். பிசிக்ஸ் படிச்சவங்களுக்கும் இடம் உண்டு, ஆனா கம்மி. கலாம் திருச்சி செயின்ட் ஜோசப்ஸ்ல பிசிக்ஸ்தானே படிச்சார்னு கேப்ப. ஆமா, ஆனா அதுக்கப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்ஜினியரிங் காலேஜ்ல ஏரோநாட்டிக்கல் படிச்சுட்டுதான் ராக்கெட் பக்கமே போனார். இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் சாரும் நாகர்கோவில்ல பி.எஸ்சி. மேத்ஸ், அப்புறம் அதே எம்.ஐ.டி., 1980ல முடிச்சார். இன்னைக்கும் ப்ளஸ் டூல மேத்ஸ் எடுத்த பி.எஸ்சி.காரங்க லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேரலாம், என்ன, மூணும் மூணும் ஆறு வருஷம் ஆகும்.

ஆக இஸ்ரோதான் வேணும்னா அப்பா சொல்றது சரி. இல்லக்கா, பிசிக்ஸ்தான் வேணும், இஸ்ரோ கிடைக்கலன்னாலும் பரவால்லன்னா தைரியமா பி.எஸ்சி. போ, ஆனா டிகிரியோட நிக்குற படிப்பு இல்ல அது. ரெண்டாம் வருஷத்துலேர்ந்தே ஜாம் எக்ஸாமுக்குப் படிக்க ஆரம்பி, ஐ.ஐ.டி.ல எம்.எஸ்சி. சேர அதான் வழி, பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. இன்டெக்ரேட்டட் பிஹெச்.டி.க்கும் அந்த மார்க் உதவும். கூடவே பைத்தான் கத்துக்கோ, என்.பி.டெல்ங்கிற வெப்சைட்ல ஐ.ஐ.டி. வாத்தியார்ங்க பாடமே சும்மா கிடைக்குது. மாமா பேச்சுக்கு நான் வரல, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல உனக்கு ஆசைன்னு லெட்டர்ல ஒரு வரிகூட இல்ல.

காசை நினைச்சு எதையும் விட்றாத. கவர்மென்ட் ஸ்கூல்ங்கிறதால இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் வந்தா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிரும். புதுமைப்பெண் திட்டத்துல ஆயிரம் ரூபாய் நீ பி.எஸ்சி. போனாலும் மாசாமாசம் வரும்.

இன்னைக்கு ராத்திரியே ஒரு வேலை பண்ணு. இ.சி.இ. மூணாவது செமஸ்டர் சிலபஸை எடு, சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலெக்ட்ரானிக் டிவைசஸ்னு இருக்கும். பக்கத்துல பி.எஸ்சி. சிலபஸையும் வச்சு, ரெண்டுலயும் ஒவ்வொரு யூனிட்டுக்கு யூடியூப்ல பாடம் கேளு, எதுல போனைத் தள்ளி வைக்காம உக்காந்திருக்கன்னு பாரு. ஆர்ட்ஸ் காலேஜுக்கு அப்ளிகேஷன் தனி, இன்ஜினியரிங் கவுன்சலிங் முடியுற வரைக்கும் அது காத்திருக்காது, அதனால இப்பவே போட்டு வை. கவுன்சலிங்ல காலேஜ் வரிசை போடுற சாய்ஸ் ஃபில்லிங்ல கிடைக்குமா கிடைக்காதான்னு கணக்குப் போட்டு வரிசையை மாத்தாத, மேலேர்ந்துதான் பாத்துட்டு வருவாங்க, உனக்கு நிஜமா வேணுங்கிறதை முதல்ல போடு. லாக் பண்ணும்போது அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோ, மாமாவுக்கு அப்புறமா போன் போட்டுச் சொல்லிக்கலாம்.