விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு டிரைவர்களை எந்த வரிசையில் போடுவது?

நீங்கள் கேட்டது இது: ஐந்து வருடம் ஓடிய இன்டெல் மடிக்கணினியை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டிருக்கிறீர்கள். வைஃபை இல்லை, டச்பேட் நகரவில்லை, மைக் வேலை செய்யவில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஏழெட்டு மஞ்சள் முக்கோணம். ஒவ்வொன்றாகத் தேடி டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) போட்டும் பாதி அப்படியே நிற்கிறது. கணினியே பழுதாகிவிட்டதா என்று பயப்படுகிறீர்கள்.

பயப்பட வேண்டாம். நேற்று வரை ஓடிய மூன்று பாகங்கள் ஒரே இரவில் சேர்ந்து பழுதாவது மிக அரிது. வரிசைதான் மாறியிருக்கும்.

நான் சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்பு வேலை. எங்கள் புளோக்கில் யாருடைய கணினி படுத்தாலும் மாலையில் என் கதவைத் தட்டுவார்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்ட பிறகு, உங்கள் நிலையில் வந்தவர்கள் நிறைய. அதில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

பக்கத்து புளோக்கில் எழுபதைத் தாண்டிய அங்கிள் ஒருவர். ஞாயிறு காலையில் மன்னார்குடியில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசுவார். அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுதான் பெரிய விஷயம். மகன் விண்டோஸை மாற்றிக் கொடுத்த பிறகு முகம் தெரிகிறது, குரல் போகவில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். மதர்போர்டில் ஒலிப்பகுதி போய்விட்டது, 220 வெள்ளி ஆகும் என்றிருக்கிறார்கள். துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு புளோக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு வந்தார். "தம்பி, இதுக்கு மேல காசு போடலாமா, இல்ல தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

டிவைஸ் மேனேஜரில் 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று ஒன்று மஞ்சள் குறியோடு நின்றது. மகன், ஒலிச் சில்லைச் செய்த ரியல்டெக்கின் டிரைவரை இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறார். ரியல்டெக்கில் குறையே இல்லை. இப்போதைய பல இன்டெல் மடிக்கணினிகளில் ஒலிச் சில்லும் உள் மைக்கும் நேரடியாக விண்டோஸுக்குத் தெரிவதில்லை. இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற ஒரு பகுதிக்குப் பின்னால்தான் அவை தொங்குகின்றன. அந்தப் பகுதிக்கு டிரைவர் இல்லாவிட்டால் பின்னால் மைக் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. அதைப் போட்டு மறுதொடக்கம் செய்தேன். ரியல்டெக்கும் மைக்கும் தாமாகப் பட்டியலில் வந்து உட்கார்ந்தன. அங்கேயே என் போன் இணையத்தில் தங்கையை அழைத்தார். "அண்ணே, இப்போ நல்லா கேக்குது" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கிள் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் டச்பேடும் அதே கதைதான் என்று நினைக்கிறேன். அது ஐ2சி என்ற கம்பித்தடத்தில் இணைந்திருக்கும். அந்தத் தடத்தை நடத்துவது இன்டெல் சீரியல் ஐஓ. சீரியல் ஐஓ டிரைவரும் அதோடு, சில்லின் கால்களில் வரும் சைகைகளைக் கவனிக்கும் ஜிபிஐஓவின் டிரைவரும் இல்லாதவரை டச்பேட் பட்டியலிலேயே வராது. நீங்கள் டச்பேட் டிரைவரைப் பத்து முறை போட்டாலும் அது போய் ஒட்டிக்கொள்ள அங்கே சாதனம் இல்லை. வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. தடம் திறந்தால், பெரும்பாலும் விண்டோஸிடம் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரே டச்பேடை ஓட்டிவிடும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் எது எதிலிருந்து தொங்குகிறது என்று மரம் போலக் காட்டும். மஞ்சள் குறிகளில் எது மேலே இருக்கிறதோ அதை முதலில் சரிசெய்யுங்கள். கீழே இருப்பவற்றில் சில அதோடு சேர்ந்தே சரியாகிவிடும். வரிசை என்று நான் சொல்வது இதைத்தான். சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பகுதி), சீரியல் ஐஓ, மேனேஜ்மென்ட் எஞ்சின் (இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும் தனிச் சிறு கட்டுப்பாட்டுப் பகுதி) முதலில். அப்புறம் கிராஃபிக்ஸ், ஒலி. கைரேகை, கார்டு ரீடர் மாதிரி சில்லறை எல்லாம் கடைசியில்.

சரி, இதற்கெல்லாம் முன்னால் இணையம் வேண்டும். வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேண்டும் என்று மாட்டிக்கொள்கிற இடம் இது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள். விண்டோஸ் அதைக் கம்பி இணையமாக எடுத்துக்கொள்ளும், பொதுவாகத் தனி டிரைவர் கேட்காது. ஐபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும் என்பதால் இந்த நேரத்தில் அது கைகொடுக்காது. வீட்டில் யாரிடமாவது ஆண்ட்ராய்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டரை எப்போதும் பையில் வைத்திருப்பேன். வீட்டு ரௌட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்தால் வேலை முடிந்தது.

இணையம் வந்ததும் உடனே டிரைவர் வேட்டைக்கு ஓடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, மறுதொடக்கம் செய்து, மறுபடி ஒரு முறை ஓடவிடுங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தையும் பாருங்கள். பல டிரைவர்கள் அங்கேதான் ஒதுங்கி நிற்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. அப்டேட் பின்னால் கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இன்னொரு கிராஃபிக்ஸ் இன்ஸ்டாலரை ஓட்டினால் இரண்டும் மோதும். காத்திருங்கள், ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் மஞ்சள் நின்றால், பெயரை வைத்துத் தேடாதீர்கள். 'பிசிஐ டிவைஸ்', 'பேஸ் சிஸ்டம் டிவைஸ்' என்றெல்லாம் விண்டோஸ் சொல்லும் பெயர் எதையும் காட்டிக்கொடுக்காது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். விஇஎன் (VEN) என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு இடம் தயாரிப்பாளரைச் சொல்லும், டிஇவியை (DEV) அடுத்து வருவது பாகத்தைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த இன்டெல்லின் பிராசஸர் எண்ணும் அதுதான். 1002 ஏஎம்டி, 10டிஇ (10DE) என்விடியா, 10இசி (10EC) ரியல்டெக். இந்த எண் பொய் சொல்லாது. 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று பெயர் வந்து எண் 8086 என்றால் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் எஞ்சின்தான். 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்றால் சிப்செட் டிரைவர் போடவில்லை என்று பொருள்.

டிரைவரை எங்கே எடுப்பது என்றால், மடிக்கணினிக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கம்தான் முதல் இடம். மாடல் பெயரை மட்டும் போடாமல், கீழே ஒட்டியிருக்கும் தொடர் எண்ணைப் போடுங்கள். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு வைஃபை அட்டை வைத்து விற்றிருப்பார்கள்.

தயவுசெய்து 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று சிவப்பில் கத்தும் மென்பொருள்களுக்குப் பணம் கட்டாதீர்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. தேதி பழையது என்பதையே பல நேரம் சாட்சியாகக் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஆனால் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்களில் ஏராளமானவை 2006 ஜூன் 21 என்ற ஒரே தேதியைத்தான் காட்டும். வேண்டுமென்றே வைத்த தேதி அது. பொருத்தம் சமமாக இருக்கும்போது புதிய தேதி உள்ள டிரைவரை விண்டோஸ் எடுக்கும். பாகத்தைச் செய்தவரின் டிரைவர் வந்தால் அது முந்திக்கொள்ளட்டும் என்பதற்காகத் தன்னுடையதைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இன்டெல் சிப்செட் கோப்புகளைப் பார்த்தால் 1968 ஜூலை 18 என்று இருக்கும். அது இன்டெல் தொடங்கிய நாள். அதையும் 'ஐம்பது வருடப் பழசு' என்று சொல்லி உங்களிடம் சந்தா கேட்டால் என்ன சொல்வது?

இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்கு இது வரவில்லை என்றாலும். பதினோராம் தலைமுறை இன்டெல்லிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும், விண்டோஸ் போடும்போதே டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கலாம். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே குறுக்கே நிற்பது விஎம்டி என்ற கட்டுப்பாட்டுப் பகுதி. இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் பிரித்து வைத்துக்கொண்டு, அந்தத் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, அந்த நாளிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பென்டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'பிஎன்பியூட்டில்' (pnputil) என்ற கட்டளையை அடியுங்கள். பி, என், பி, யு, டி, ஐ, எல் என்று ஏழு எழுத்து. ஓர் இடைவெளி விட்டு முன்சாய்கோடு, அதை ஒட்டி எக்ஸ்போர்ட், சிறுகோடு, டிரைவர். மறுபடி இடைவெளி, நட்சத்திரக் குறி, இடைவெளி, அந்த ஃபோல்டரின் முகவரி. வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் எல்லாம் அதில் நகலாகிவிடும். அடுத்த முறை அழித்துப் போட்டால் டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, இந்த ஃபோல்டரைக் காட்டி, உள் ஃபோல்டர்களையும் பார் என்பதை டிக் செய்தால் போதும். வைஃபைக்காகப் போனைத் தேட வேண்டியதில்லை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணையும் அதே நாளில் ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியவில்லை என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அது டிரைவர் பிரச்சினை இல்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு எந்த மஞ்சள் நகர மறுக்கிறதோ, அதன் விஇஎன், டிஇவி எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். வேலை முடிந்து எட்டு மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.