அட்டைப் பாறையும் ஹெல்மெட் கீறலும் – கடிதம்

வணக்கம் சார்,

கல்லூரியில் படிக்கும் மகளோடு சேர்ந்து 1966-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டைப் பாறைகளைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு. எனக்கோ அந்தக் கதைகள்தான் நம்பும்படி இருக்கின்றன. புதிய தொடர்களில் எல்லாமே நிஜம்போலத் தெரிந்தும் கதை ஒட்டவில்லை. வயதுக் கோளாறா?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

வயதுக் கோளாறெல்லாம் இல்லை. படம் எவ்வளவு நிஜமாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நாம் கதையிடம் கணக்குக் கேட்கிறோம். ஸ்டார் ட்ரெக்கில் விண்கப்பலின் கேப்டன் கிர்க்கும் துணை அதிகாரி ஸ்பாக்கும் வெறும் சட்டையோடு ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி நடக்கிறார்கள், அங்கே காற்று உண்டா என்று நாம் கேட்பதில்லை. தெருக்கூத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஒரு சுற்று வந்தால் காட்டைக் கடந்துவிட்டார் என்று ஒத்துக்கொள்வோமே, அதுமாதிரிதான். ஆளை இங்கே மறையவைத்து அங்கே தோன்றவைக்கும் அந்த இயந்திரமே, வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைக் காட்டப் பணம் போதாததால் வந்தது. இன்றைய தொடரில் ஹெல்மெட் கண்ணாடியில் இருக்கும் கீறல், உள்ளே படியும் மூச்சு வரைக்கும் தெரிகிறது; இவ்வளவையும் காட்டிவிட்டு, முன்பின் தெரியாத கிரகத்தில் ஒரு விஞ்ஞானி சட்டென்று அதைக் கழற்றினால் எப்படி ஒத்துக்கொள்வது?

அதற்காக அட்டைப் பாறைதான் உசத்தி என்று சொல்லமாட்டேன். 2004-இல் புதிதாக எடுத்த பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொடரில் விண்வெளிக் காட்சியில்கூட கேமரா கையில் பிடித்ததுபோல ஆடும், கப்பலைத் தேடித் தடுமாறி ஜூம் போகும். எழுத்தும் அதற்கு ஈடுகொடுத்தது. ஓர் அத்தியாயத்தில், மனிதர்களை அழிக்கத் துரத்தும் சைலான்கள் என்ற இயந்திரங்கள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துவிடுவதால் ஐந்து நாளுக்கு மேலாக யாருக்கும் தூக்கமில்லை, விமானிகள் மாத்திரை போட்டுக்கொண்டு பறக்கிறார்கள், உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை ஜனாதிபதி வெள்ளைப் பலகையில் அழித்து அழித்து எழுதுகிறார். எந்த வெடிப்புக் காட்சியையும்விட அந்தப் பலகையைத்தான் நான் நம்பினேன். அப்புறம் 2009-இல் தேவதூதர்கள், கடவுளின் திட்டம் என்று முடித்தார்கள், செத்துத் திரும்பிவந்த விமானி காரா பேச்சின் நடுவே காணாமல் போனாள், ரசிகர்கள் பலர் கொதித்தார்கள், நானும்தான். கடவுள் பேச்சு அந்தத் தொடரில் ஆரம்பத்திலிருந்தே உண்டு, சரி. ஆனால் பதில் அந்தத் திசையிலிருந்து வரும் என்று அந்தக் கேமரா ஒருநாளும் சொல்லவில்லை. ஸ்டார் ட்ரெக்கில் 1967-இலேயே கிரேக்கர்களின் அப்பல்லோ வந்து ராட்சதக் கையால் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறான், அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

மகள் சிரிக்கட்டும், தடுக்காதீர்கள். அந்த அப்பல்லோ கதையைப் போட்டுக் காட்டுங்கள். கடைசியில் அவன் தன்னைக் காற்றில் கரைத்துக்கொள்ளும் இடத்திலும் சிரித்தாளா என்று எனக்கு எழுதுங்கள்.