கவர் யார் கையில் வருகிறது?

கேள்வி: கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு திருச்சி பக்கம் வசிக்கிறேன். வீட்டில் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று முடிவெடுத்து, இருக்கிற டப்பாக்களைத் தூக்கிப்போட்டுவிட்டு கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ் எல்லாம் வாங்கப் பட்டியல் போட்டிருக்கிறேன். ஆனால் கணவர் தினமும் நாலு கவரோடுதான் வீட்டுக்கு வருகிறார். மாமியார் அந்தக் கவர்களை வைத்தே வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கிறார். நான் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள் சகோதரி. நல்ல நிலையில் இருக்கும் டப்பாவை எறிந்தால் அதுவும் குப்பைதான். பருப்பும் மிளகாயும் அதிலேயே இருக்கட்டும்; சூடான குழம்பு, ரசத்தை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். உடையும்போது மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுச் சிக்கல் அலமாரியில் இல்லை, வாசலில் இருக்கிறது. கணவர் வேலை முடிந்து வரும் வழியில் காய் வாங்குகிறார். பையோ வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அப்புறம் கவர் வராமல் என்ன செய்யும்? இரண்டு மஞ்சப்பையை மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிடச் சொல்லுங்கள். காயைக் கொட்டியதும் பை வண்டிக்கே திரும்ப வேண்டும். அது அவர் பொறுப்பு. நீங்கள் ஞாபகப்படுத்த ஆரம்பித்தால் அதுவும் உங்கள் வேலையாகிவிடும்.

கடையில் சும்மா தரும் ‘துணிப்பை’யையும் உற்றுப் பாருங்கள். மேலே புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருந்து, ஓரத்தில் நூல் பிரியாவிட்டால் அது பெரும்பாலும் துணியே இல்லை, பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் இதுவும் ஒன்று. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அப்படித்தான். இன்னும் தாராளமாகப் புழங்குகிறது என்பது வேறு கதை.

கறிக்கும் மீனுக்கும் மூடி போட்ட சம்படம், ஹோட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி. போகிறவர் எடுத்துப் போகட்டும், பிள்ளைகளானாலும் சரி. மாவுப் பாக்கெட்டுக்குப் பதில் வீட்டிலேயே அரையுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஊறவைப்பதும் கிரைண்டர் கழுவுவதும் யார் தலையில் விழும் என்று தெரியாதா? மாவு விற்பவரிடம் பாத்திரம் நீட்டிப் பாருங்கள், ஊற்றித் தருவார். பசுமை வாழ்க்கை என்ற பெயரில் வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு வேலை சேர்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பால் பாக்கெட்டைத் தவிர்ப்பது கடினம், அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் மூலையைத் தனியாக நறுக்கி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கு சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, பாக்கெட்டோடு ஒட்டியே விடுங்கள். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவரையெல்லாம் பொதுவாக எடுக்க மாட்டார்கள். பல அடுக்கு ஒட்டிய பொருளை யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. அவற்றை வாங்குவதைக் குறைப்பதுதான் வழி.

ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: அடுப்பு. கவர் எரியும் புகை நச்சு. அடுப்பு முன் குனிந்து ஊதும் மாமியாரின் நெஞ்சுக்குள்தான் அது முதலில் போகிறது. பக்கத்திலேயே தேங்காய் நாரும் காய்ந்த பாளையும் ஒரு கூடை நிறைய இருந்தால் கவர் தேட மாட்டார். இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். கணவர் சொல்லட்டும். கூடையை நிரப்பி வைப்பதும் அவரே.